தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா? ஒரு மயில், ஒரு மலை, ஒரு வாட்ஸ்அப் சண்டை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரம் சென்னை ரூம்ல இருந்து பேசல. எங்க ஊர் திருத்தணியில, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி நாதஸ்வரம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, அது மலைக்கோயில் ஸ்பீக்கர். எடிட்ல எடுக்க முடியல. உண்மையைச் சொன்னா, எடுக்க மனசும் வரல.

திருத்தணிக்கு வந்திருக்கீங்களா? மலை ஏற 365 படி, வருஷத்துல ஒரு நாளுக்கு ஒரு படின்னு சொல்லுவாங்க. மேல போனா ஒரு விஷயம் உங்களை யோசிக்க வைக்கும். முருகன் கோயில்னா சன்னதி முன்னாடி மயில் இருக்கணும் இல்லையா? எங்க ஊர்ல யானை இருக்கும். தெய்வானையைக் கட்டிக் கொடுத்தப்ப இந்திரன் சீதனமா தந்த ஐராவதம்னு கதை. சின்ன வயசுல எங்க ஆயாகிட்ட "மயில் எங்க ஆயா போச்சு?"ன்னு கேட்டேன். "அது எங்கியாவது மேயப் போயிருக்கும், சாமி கும்பிடு"ன்னாங்க.

அந்த மயிலை இன்னைக்கு வேற ஒரு இடத்துல பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சண்டையைப் பத்திச் சொல்லணும்.

ரெண்டு மெசேஜ்

எங்க காலேஜ் குரூப்ல கேரளாக்காரன் ஒருத்தன் இருக்கான். அவங்க வீட்ல தலைமுறை தலைமுறையா ஒண்ணு சொல்லுவாங்க: இயேசுவோட பன்னிரண்டு சீடர்கள்ல ஒருத்தரான தோமா, கி.பி. 52-ல கொடுங்கல்லூர் பக்கம் வந்து இறங்கினார், அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கின குடும்பங்கள்ல எங்களோடதும் ஒண்ணு. அவனுக்கு அது வீட்டுக் கதவு எண் மாதிரி. அதைப் பத்தி யாராவது சந்தேகப்படுவாங்கன்னுகூட அவன் யோசிச்சதில்ல.

ஒரு நாள் குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. "தோமா இந்தியாவுக்கே வரல. எல்லாம் போர்த்துகீசியர் கட்டின கதை. இவங்க எல்லாரும் வெளியாள்." அதுக்குப் பதிலா இன்னொருத்தன் போட்டான்: "வந்தார். மயிலாப்பூர் பிராமணங்கதான் ஈட்டியால குத்திக் கொன்னாங்க." அந்த குரூப்லேயே மயிலாப்பூர் மாட வீதியில வளர்ந்த ஒரு பொண்ணும் இருக்கா. ராத்திரிக்குள்ள ரெண்டு பேருமே பேச்சை நிறுத்திட்டாங்க. காலையில பார்த்தா கேரளாக்காரன் குரூப்பை விட்டுப் போயிட்டான். அப்புறம் யாரோ ஒரு கிரிக்கெட் மீம் போட்டாங்க, எல்லாரும் அதுக்குச் சிரிச்சு வெச்சாங்க. நானும்தான்.

இந்த எபிசோட் அன்னைக்கு நான் சொல்லாம விட்ட பதில். ரெண்டு மெசேஜையும் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் என்ன சான்று இருக்குன்னு பார்க்கப் போறோம். முடிவை முதல்லயே சொல்லிடறேன்: ரெண்டுமே நிக்காது. ஆனா அது ஏன் நிக்காதுன்னு தெரிஞ்சுக்கறதுலதான் விஷயம் இருக்கு.

அதே வருஷம், ரெண்டு பேர்

கி.பி. 52-ஐ மனசுல வெச்சுக்கோங்க. ஏன்னா, அதே கால அளவுல இன்னொரு அப்போஸ்தலரும் பயணத்துல இருந்தார். பவுல்.

பவுல் கிரேக்க நாட்டு கொரிந்து நகரத்துல இருந்தப்ப அவரை நீதிபதி முன்னாடி இழுத்துட்டுப் போனாங்க. அந்த ஆளுநர் பேர் கல்லியோ. ரோமானியத் தத்துவஞானி செனெக்காவோட அண்ணன். அவர் வழக்கைக் கேட்கவே மாட்டேன்னு தள்ளிட்டார். இது பைபிள்ல அப்போஸ்தலர் பணிகள் நூல்ல இருக்கு. இதுக்கு வெளிச் சான்று உண்டா? டெல்ஃபில கிளாடியஸ் பேரரசரோட கடிதம் ஒண்ணு கல்லுல வெட்டியிருந்தது துண்டு துண்டா கிடைச்சுது. அதுல கல்லியோ ஆளுநர்னு பேர் இருக்கு. பேரரசரோட பட்டங்களை வெச்சுக் கணக்குப் போட்டா கல்லியோ பதவியில இருந்தது ஏறக்குறைய கி.பி. 51-52. ஆக, பவுல் கொரிந்துல இருந்தது எப்போன்னு நமக்கு ஓரிரு வருஷ வித்தியாசத்துல தெரியும். அதோட பவுலோட கடிதங்களும் இருக்கு. யார் மேல கோபம், யாருக்கு நன்றி, எந்த ஊருக்குப் போக முடியலன்னு எல்லாம் அவரே சொல்றார்.

நம்ம பாஷையில சொன்னா, பவுலுக்கு சர்வர் லாக் இருக்கு. ரோமானியச் சாலை, ரோமானியத் துறைமுகம், ரோமானிய நீதிமன்றம்னு அவர் போன இடமெல்லாம் ஏற்கனவே பதிவு நடந்துட்டு இருந்த ஒரு சிஸ்டத்துக்குள்ள இருந்துச்சு.

தோமா விஷயத்துல அப்படி எதுவும் இல்ல. அவர் எழுதின கடிதம் நம்மகிட்ட இல்ல. அவரைப் பார்த்தேன்னு அந்தக் காலத்துல எழுதி வெச்ச இந்தியர் யாரும் இல்ல. 52-ங்கிற வருஷம் கேரள மரபு சொல்ற வருஷம். கல்வெட்டு சொல்ற வருஷம் இல்ல.

இங்க அவசரப்பட்டு "அப்போ பொய்"னு சொல்லிடக் கூடாது. லாக் இல்லன்னா ரிக்வெஸ்ட் வரலன்னு அர்த்தமா? புரொடக்‌ஷன்ல வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இல்லன்னு சொல்லுவாங்க.

வர முடியுமா?

சரி, முதல் நூற்றாண்டுல பாலஸ்தீனப் பக்கத்துல இருந்து ஒருத்தர் தமிழகத்துக்கு வர வழி இருந்ததா? இருந்தது. அதுவும் ரொம்பப் புழக்கமான வழி.

எகிப்துல செங்கடல் கரையில பெரெனிகேன்னு ஒரு துறைமுகம். அங்க ஒரு கோயில்ல நடந்த அகழாய்வுல, இந்தியாவுல செஞ்ச பெரிய ஜாடி ஒண்ணு கிடைச்சுது. உள்ள சுமார் 7.5 கிலோ மிளகு, இரண்டாயிரம் வருஷம் கழிச்சும் அப்படியே. அதே ஊர்ல தமிழ் பிராமி எழுத்துல பேர் கீறின பானை ஓடும் கிடைச்சிருக்கு. அதாவது நம்ம ஆட்களும் அங்க போயிருக்காங்க.

ரோமானிய எழுத்தாளர் பிளினி, அரேபியக் கரையோட முனையில இருந்து பருவக்காற்று பிடிச்சா நாற்பது நாள்ல முசிறிக்கு வந்துடலாம்னு எழுதியிருக்கார். அவர் செத்தது கி.பி. 79. அதே நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி எழுதின 'பெரிப்ளஸ்' மேற்குக் கரை முசிறியையும் சொல்லுது, கிழக்குக் கரைத் துறைமுகங்களையும் சொல்லுது. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்ப ரோமானிய உலகத்து மட்பாண்டங்கள் வந்துச்சு.

அதனால "அந்தக் காலத்துல அவ்வளவு தூரம் எப்படி வருவாரு?"ங்கிற கேள்வி செல்லாது. மிளகு அங்க போச்சு, தங்கம் இங்க வந்துச்சு. ஒரு ஆளும் வந்திருக்கலாம். "வந்திருக்கலாம்" வேற, "வந்தார்" வேற. அந்த இடைவெளியை மூட நமக்கு ஒரு நூல் வேணும்.

அடிமையா விற்கப்பட்ட கட்டடக்காரர்

அந்த நூல் இருக்கு. பேர் 'தோமாவின் பணிகள்'. மூணாம் நூற்றாண்டின் தொடக்கத்துல, சிரியாக் மொழியில, அநேகமா எடெஸ்ஸா நகரத்துல எழுதினது. இன்னைக்குத் துருக்கியில இருக்கிற உர்ஃபா. கதை ஒரு வெப் சீரிஸ் மாதிரி இருக்கும்.

சீடர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் எந்த நாட்டுக்குப் போறதுன்னு பிரிச்சுக்கறாங்க. தோமாவுக்கு இந்தியா விழுது. அவர் மாட்டேங்கறார். உடம்பு தாங்காது, அந்த மொழி தெரியாதுன்னு சாக்கு சொல்றார். ஆன்சைட் அசைன்மென்ட்டுக்கு நாம சொல்ற அதே காரணங்கள். அப்போ இயேசு நேர்ல வந்து, ஹப்பான்னு ஒரு வியாபாரிகிட்ட அவரை அடிமையா வித்துடறார். அந்த வியாபாரி இந்திய அரசன் குந்தபாரோட ஆள். அரசனுக்குக் கட்டடம் கட்டத் தெரிஞ்ச ஒருத்தன் வேணும்.

அரசன் அரண்மனை கட்டப் பணம் தர்றான். தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துடறார். "அரண்மனை எங்க?"ன்னு கேட்டா, "கட்டி முடிச்சாச்சு, நீங்க செத்தப்புறம்தான் பார்க்க முடியும்"ங்கறார். சொர்க்கத்துல கட்டியிருக்காராம். அப்புறம் அங்கிருந்து கிளம்பி மஸ்தாய்னு இன்னொரு அரசனோட நாட்டுக்குப் போறார். அரண்மனைப் பெண்கள் அவர் போதனையைக் கேட்டுக் கணவர்களை விட்டு விலகறாங்க. கோபப்பட்ட அரசன் நாலு வீரர்களை அனுப்பறான். ஊருக்கு வெளிய ஒரு மலையில ஈட்டியால குத்திக் கொல்றாங்க. பிறகு அவர் எலும்பை யாரோ மேற்கே எடுத்துட்டுப் போயிடறாங்க.

ரொம்ப நாளா ஐரோப்பிய அறிஞர்கள் இதை முழுக் கற்பனைன்னுதான் நினைச்சாங்க. குந்தபார்னு ஒரு அரசன் இருந்ததா வேற எங்கயும் தகவல் இல்ல. 1830-கள்ல ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் பழைய நாணயங்கள் கிடைக்க ஆரம்பிச்சுது. அதுல கோண்டோபாரஸ்னு ஒரு அரசன் பேர். பிறகு பெஷாவர் பக்கத்துத் தக்த்-இ-பாஹி கல்வெட்டும் கிடைச்சுது. வழக்கமான கணக்குப்படி அவர் கி.பி. 46-ல ஆட்சியில இருக்கார். காலம் அப்படியே பொருந்துது.

ஆனா இடம்? அது இன்னைக்குப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான். முசிறியும் இல்ல, மயிலாப்பூரும் இல்ல. மஸ்தாயோட நாடு எதுன்னு நூல் தெளிவா சொல்லல. 2006-ல போப் பதினாறாம் பெனடிக்ட் ஒரு உரையில, தோமா மேற்கு இந்தியா வரைக்கும் வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே பரவிச்சுன்னு சொன்னார். கேரளாவுல பெரிய வருத்தம். அப்புறம் வத்திக்கான் தன்னோட இணையதளத்துல அந்த வரியைத் திருத்தி வெச்சுது. போப்புக்கே ஹாட்ஃபிக்ஸ் போட வேண்டியிருந்த விஷயத்தைத்தான் நம்ம குரூப்ல ஒரே வரியில முடிச்சாங்க.

யார் எந்த வரியை எழுதினது

கோடிங் பண்றவங்களுக்குக் கிட் பிளேம் தெரியும். ஒரு ஃபைல்ல ஒவ்வொரு வரியையும் யார், எப்போ எழுதினாங்கன்னு அது காட்டிடும். தோமா கதைக்கு அதை ஓட்டிப் பார்ப்போம்.

நாலாம் நூற்றாண்டு: எடெஸ்ஸாவுல தோமாவோட எலும்புன்னு ஒரு நினைவிடம். கி.பி. 384 வாக்குல எகேரியான்னு ஒரு யாத்ரீகப் பெண் அதைப் போய்ப் பார்த்து எழுதி வெச்சிருக்காங்க.

ஆறாம் நூற்றாண்டு: காஸ்மாஸ்னு ஒரு வியாபாரி. மிளகு விளையற மலபார்ல கிறிஸ்தவர்கள் இருக்காங்க, இலங்கையில பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருக்காங்கன்னு எழுதறார். அதே நூற்றாண்டின் கடைசியில பிரான்ஸ்ல இருந்த பிஷப் கிரெகரி, தோமா உடல் முதல்ல இருந்த இடத்துல இந்தியாவுல ஒரு பெரிய கோயிலும் மடமும் இருக்கு, நேர்ல பார்த்தவர் சொன்னார்னு எழுதறார். எந்த ஊர்னு சொல்லல.

849: கொல்லத்துல தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த நிலம், உரிமைகள். எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகள் அரபி எழுத்துல, பாரசீக பஹ்லவியில, எபிரேய எழுத்துல. முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லாரும் ஒரே ஆவணத்துல. இதைப் படிச்சா "வெளியாள்"ங்கிற சொல்லே கொஞ்சம் கூச்சப்படும்.

அப்புறம் நம்ம பரங்கிமலைச் சிலுவை. 1547-ல போர்த்துகீசியர் மலை உச்சியில தேவாலயத்துக்காகத் தோண்டினப்ப ஒரு கல் சிலுவை கிடைச்சுது. சுத்தி யாருக்கும் புரியாத எழுத்து. உள்ளூர் பண்டிதர் ஒருத்தரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாங்க. அவர் தோமாவோட கதை முழுசும் அதுல எழுதியிருக்குன்னு நீளமா படிச்சுக் காட்டினார். கிளையண்டுக்கு என்ன வேணும்னு அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. 1873-ல பர்னல்ங்கிற அறிஞர்தான் அது பாரசீக பஹ்லவி எழுத்துன்னு கண்டுபிடிச்சார். சொல்லுக்குச் சொல் வாசிப்புல இன்னைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனா அது கிறிஸ்துகிட்ட ஒரு பாரசீகக் குடும்பத்துக்காகக் கருணை கேட்கிற சின்ன வேண்டுதல். தோமா பேரே அதுல இல்ல.

எனக்கு அந்தச் சிலுவை ரொம்பப் பிடிக்கும். போர்த்துகீசியருக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாடியே, பாரசீக மொழி பேசற ஒரு கிறிஸ்தவக் குடும்பம் மதராசுங்கிற பேரே இல்லாத காலத்து இந்தக் கரையில இருந்து, தன் மொழியில சாமி கும்பிட்டிருக்கு. அப்போஸ்தலர் வந்ததுக்கு அது சான்று இல்ல. சாதாரண மனுஷங்க வந்து இங்க வாழ்ந்ததுக்குச் சான்று.

மார்க்கோ போலோவும் மயிலும்

சுமார் 1293. வெனிஸ் வியாபாரி மார்க்கோ போலோ நம்ம கிழக்குக் கரைப் பக்கம் வர்றார். தோமாவோட கல்லறை ஒரு சின்ன ஊர்ல இருக்கு, அங்க வியாபாரிகள் அதிகம் போறதில்ல, ஆனா கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை போறாங்கன்னு அவர் நூல் சொல்லுது. அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துட்டுப் போய்க் காய்ச்சல்காரங்களுக்குத் தண்ணியில கலந்து கொடுப்பாங்களாம். திருநீறு வாங்கி மடிச்சு வெச்சுக்கிற நம்ம ஆயாவுக்கு இது விளக்கமே தேவைப்படாது.

இங்கயே முதல் மெசேஜ் முடிஞ்சுது. போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்ததே 1498-ல. அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே இந்தக் கரையில தோமா கல்லறைன்னு ஜனங்க கும்பிட்டுட்டு இருக்காங்க. கதையைப் போர்த்துகீசியர் பெருசாக்கினாங்க. ஆரம்பிக்கல.

தோமா எப்படிச் செத்தார்ங்கிறதுக்குப் போலோ சொல்ற கதையைக் கேளுங்க. அவர் காட்டுல ஒரு குடிலுக்கு வெளிய பிரார்த்தனை பண்ணிட்டு இருந்தார். சுத்தி நிறைய மயில். வேட்டைக்காரன் ஒருத்தன் அவரைக் கவனிக்காம ஒரு மயிலைக் குறி வெச்சு அம்பு விட்டான். அம்பு தோமாவோட விலாவுல பட்டுச்சு. அவ்வளவுதான். சதி இல்ல, பகை இல்ல. ஒரு விபத்து.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல வந்த துவார்த்தே பார்போசா அதையே இன்னும் ஒரு படி மேல கேட்டு எழுதியிருக்கார். வேடன் ஒரு மயிலை அடிச்சான், அது மனுஷ உடலா மாறிடுச்சு, அதுதான் தோமா.

மயிலாப்பூர். மயில். மயில் உருவத்துல இருந்தவர் உண்மையில வேற ஒருத்தர். கேட்ட மாதிரி இருக்கா? கபாலீசுவரர் கோயில் தலபுராணத்துல பார்வதி மயிலா வந்து சிவனைப் பூஜை பண்றாங்க. அந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு புது மகானோட கதையைச் சொல்லணும்னா, ஏற்கனவே கையில இருக்கிற மயிலைத்தான் எடுப்பாங்க. எந்த மதத்துல இருந்து எது வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா ஒரே தெருவுல வாழறவங்க கதையும் ஒரே கிணத்துலதான் தண்ணி குடிச்சிருக்கும்னு எனக்குத் தோணுது. எங்க ஊர் சன்னதியில காணாமப் போன மயில் இங்கதான் மேய்ஞ்சுட்டு இருந்துச்சு போல.

யார் கொன்னது?

இப்போ ரெண்டாவது மெசேஜ். பழைய சிரியாக் நூல்ல கொல்றது அரசனோட வீரர்கள். மார்க்கோ போலோ கேட்டதுல ஒரு வேடன், அதுவும் தெரியாம. ஐரோப்பாவுல லத்தீன்ல மட்டும் தனியா ஒரு வடிவம் ஓடிட்டு இருந்துச்சு. அதுல சிலைக் கோயில் பூசாரி வாளால குத்தறார். 13ஆம் நூற்றாண்டுல 'பொன் புராணம்'னு ஐரோப்பா முழுக்கப் பிரபலமான புனிதர் கதைத் தொகுப்புலயும் அது இருக்கு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவங்கதான் போர்த்துகீசியர்.

அவங்க மயிலாப்பூர்ல குடியேறி, 1523 வாக்குல கல்லறையைத் தோண்டினாங்க. எலும்பு, ஈட்டி முனை, மண் நிரம்பின ஒரு பாத்திரம் கிடைச்சதா அவங்க பதிவு. இங்க வந்ததும் கதையில இருந்த பூசாரியோட இடத்துல பிராமணர் உட்கார்ந்துட்டார். 16ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள்ல அந்த வடிவம் வருது. ஆக, அந்தப் பொண்ணு மேல வீசின அந்த வரி, சம்பவம் நடந்ததா சொல்ற காலத்துக்கு ஆயிரத்து நானூறு வருஷம் கழிச்சு இந்த ஊர்க் கதையில ஒட்டினது.

இங்க ஒரு கஷ்டமான விஷயத்தையும் மறைக்காம சொல்லணும். பழைய கபாலீசுவரர் கோயில் கடற்கரையில இருந்தது, போர்த்துகீசியர் காலத்துல அழிஞ்சதுன்னு மயிலாப்பூர் மரபு சொல்லுது. இப்போ இருக்கிற கோயில் ஊருக்குள்ள, பின்னால கட்டினது. சாந்தோம் வளாகத்துல கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைச்சிருக்கு. எங்க திருத்தணி முருகனைப் பாடின அருணகிரிநாதர் மயிலையையும் பாடியிருக்கார், அவருக்கு அது கடலோர ஊர்க் கோயில். அந்த இழப்பு உண்மையான இழப்பு. "அதெல்லாம் பேசாத"ன்னு சொல்றது நியாயம் இல்ல.

ஆனா அதுக்குக் கணக்கு யார்கிட்ட கேட்கிறது? 1599-ல உதயம்பேரூர்ல போர்த்துகீசியப் பேராயர் மெனெசிஸ் ஒரு கூட்டம் கூட்டினார். கேரளத்துத் தோமா கிறிஸ்தவங்களோட சிரியாக் நூல்கள்ல தப்பு இருக்குன்னு தீர்மானம் போட்டு, நிறைய நூல்களை எரிச்சாங்க. என் நண்பனோட முன்னோர்கள் படிச்ச நூல்கள். 1653-ல மட்டாஞ்சேரியில அவங்க ஆயிரக்கணக்குல கூடி, ஒரு சிலுவையில கட்டின கயித்தைப் பிடிச்சு, இனிமே இந்தப் பாதிரிகளுக்குக் கீழ்ப்படிய மாட்டோம்னு சத்தியம் பண்ணாங்க. கூனன் குரிசு சத்தியம்.

புரியுதா? அந்தக் கடற்கரைக் கோயிலுக்காக வருத்தப்படறவங்களுக்கும், அந்த நூல்களுக்காக வருத்தப்படறவங்களுக்கும் குறை ஒரே ஆளுங்க மேலதான். எங்க குரூப்ல அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முறைச்சுட்டு இருந்தாங்க. அந்த எரிஞ்ச நூல்கள்ல தோமாவைப் பத்தி என்ன இருந்திருக்கும்னு இனி யாருக்கும் தெரியாது. நம்மகிட்ட லாக் இல்லாததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

எத்தனை வருஷம் இருந்தா உள்ளூர்?

எங்க தாத்தா பிறந்தப்ப திருத்தணி மதராஸ் மாகாணம். 1953-ல ஆந்திர மாநிலம் உருவானப்ப, சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து ஊர் அங்க போச்சு. ம.பொ.சி., மங்கலங்கிழார்னு பலர் போராடினாங்க. படாஸ்கர் குழு கிராமத்தை அலகா வெச்சு, எந்த மொழிக்காரங்க அதிகம்னு கணக்குப் பார்த்துச்சு. 1960 ஏப்ரல் 1 அன்னைக்குத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. தாத்தா அதே வீட்ல, அதே திண்ணையில உட்கார்ந்துட்டு ரெண்டு தடவை மாநிலம் மாறினார். எங்க தெருவுல பாதி வீட்ல தெலுங்கு. கோடு எங்க விழுந்ததுன்னு பார்த்து யாரையும் "நீ வெளியாள்"னு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்க ஆள் பத்தியிருக்காது.

இதே ஊர்க்காரர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888-ல பிறந்தவர். படிச்சது திருப்பதியில லூத்தரன் மிஷன் பள்ளி, வேலூர்ல ஊரிஸ், அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. வகுப்புல மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சனம் பண்ணது அவரைக் குத்திச்சு. அதுதான் தன்னைத் தத்துவத்தை ஆழமா படிக்க வெச்சதுன்னு அவரே சொல்லியிருக்கார். கோபத்துக்கு அவர் கண்ட வழி, உட்கார்ந்து படிக்கிறது. அவர் குடியரசுத் தலைவரா இருந்த 1964 டிசம்பர்ல, இந்திய அரசு தோமாவுக்கு 15 பைசா தபால்தலை வெளியிட்டுச்சு. அதுல இருக்கிற உருவம் இத்தாலியில ஓர்த்தோனா நகரத்துச் சிலையோடது. எடெஸ்ஸாவுல இருந்த எலும்புகள் கியோஸ் தீவு வழியா 1258-ல போய்ச் சேர்ந்ததா நம்பற ஊர் அது.

தோமா மயிலாப்பூருக்கு வந்தாரா? முதல் நூற்றாண்டுச் சான்று இல்ல. வர வழி இருந்தது. வந்தார்ங்கிற நம்பிக்கை போர்த்துகீசியரை விடப் பல நூற்றாண்டு பழசு. ஒரு வரலாற்று மாணவனா என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா என் நண்பன் வெளியாளாங்கிற கேள்விக்கு அந்தச் சான்று தேவையே இல்ல. காஸ்மாஸ் கணக்குப்படி பார்த்தாலே அவங்க ஆட்கள் அந்தக் கரையில ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வருஷமா இருக்காங்க. எங்க தாத்தாவுக்குத் தமிழ்நாட்டுக்காரர்னு பேர் வந்து எழுபது வருஷம்கூட ஆகல.

எங்க மலையில சூரசம்ஹாரம் முடிச்சு வந்து முருகன் கோபம் தணிஞ்சு உட்கார்ந்தார்னு சொல்றோம். அது எந்த வருஷம்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல. கேட்டிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போதுதான் யோசிச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை அவனுக்கு மெசேஜ் பண்ணேன். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும்டா, பேசல. ஸாரி." கொஞ்ச நேரம் கழிச்சு, "பரங்கிமலை போயிருக்கியா?"ன்னு மட்டும் கேட்டான். போனதில்ல. மயிலாப்பூர்க்காரிகிட்டயும் கேட்டேன், அவளும் போனதில்லையாம். அடுத்த சனிக்கிழமை மூணு பேரும் போறோம். நான் திருத்தணியில லோக்கல் ட்ரெய்ன் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, பச்சை லைன் மெட்ரோ பிடிச்சா கடைசி ஸ்டேஷன் பரங்கிமலை. மேல ஏற ஆர்மீனிய வியாபாரி ஒருத்தர் 18ஆம் நூற்றாண்டுல கட்டிக் கொடுத்த படிக்கட்டு இருக்கு. அந்தச் சிலுவையைப் பார்த்துட்டு, சாயந்தரம் அவ வீட்டுப் பக்கம், மாட வீதியில காபி.

நீங்களும் போயிட்டு வந்து சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.